நவம்பர் கடைசியில் அம்மாவுடன் கனசாவா: சனி, ஞாயிறு போதுமா?

மீனாள்:

எல்லாருக்கும் வணக்கம். நான் தோக்கியோவில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அம்மா வந்து என்னுடன் தங்கியிருக்கிறார். டிசம்பர் நடுவில் திரும்பிவிடுவார். அதற்குள் ஒரு சனி, ஞாயிறு அவரை ஜப்பானின் பழைய நகரம் ஒன்றுக்கு அழைத்துப் போக ஆசை. முதலில் கியோத்தோ என்றுதான் முடிவு செய்திருந்தேன். இலை சிவக்கும் பருவத்தில் அங்கே கால் வைக்க இடமிருக்காது என்று அலுவலகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். விடுதி வாடகையைப் பார்த்தால் அதுவும் மலைக்க வைக்கிறது. அதனால் கனசாவா பக்கம் மனம் சாய்ந்திருக்கிறது.

அம்மாவுக்கு வயது 67. சமதரையில் நன்றாக நடப்பார். படி ஏறி இறங்குவதுதான் முழங்காலுக்கு ஆகாது. சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டார். செடிகொடி, துணிமணி இரண்டும் அவருக்கு உயிர். ஒரு புடவையைக் கையில் எடுத்தால் உடல், கரை, முந்தானை என்று முழுவதும் விரித்துப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டார். எட்டு வயது மகளும் உடன் வருகிறாள். பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், நிஞ்ஜா கோயிலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நிற்கிறாள்.

இப்போதைக்கு நான் போட்டிருக்கும் திட்டம் இது. சனிக்கிழமை காலை ரயிலில் போய்ச் சேர்ந்து அன்றே கென்ரோகுயென் தோட்டம், கோட்டை, 21ஆம் நூற்றாண்டு கலை அருங்காட்சியகம், ஹிகாஷி சாயா தெரு எல்லாவற்றையும் பார்த்துவிடுவது. ஞாயிறு பஸ் பிடித்து, வைக்கோல் கூரை வீடுகள் உள்ள ஷிரகவாகோ கிராமத்துக்குப் போய்வந்து, இரவு ரயிலில் தோக்கியோ. இது நடக்கிற காரியமா? ரயில் டிக்கெட் எப்போது எடுக்க வேண்டும்? எந்தப் பகுதியில் தங்கலாம்? அம்மாவுக்குச் சாப்பிட என்ன கிடைக்கும்? 23ஆம் தேதி விடுமுறையோடு சேர்ந்த வாரம் போவதா, அதற்கு அடுத்த வாரமா என்பதும் குழப்பமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தண்டவாளம்:

சகோதரி, ரயில் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை ஊர்க்காரர்கள் சொல்லட்டும்.

உங்களுக்கு ஏற்றது ககயாகி என்ற ஷின்கான்சென் அதிவேக ரயில். தோக்கியோவிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அதில் எல்லாமே முன்பதிவு இருக்கைகள்தான். ஹகுதாகா என்ற மற்றொரு ஷின்கான்சென்னில் முன்பதிவில்லாப் பெட்டிகள் உண்டு, ஆனால் அது நின்று நின்று போகும், மூன்று மணி நேரம் பிடிக்கும். ஒரு வழிக் கட்டணம் ஆளுக்கு 14,000 யென்னை ஒட்டி வரும், மகளுக்குப் பாதி. பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்கு விற்பனை தொடங்கும். நவம்பர் வார இறுதியில் சனி காலை வண்டிகளும் ஞாயிறு மாலை வண்டிகளும் சீக்கிரம் நிரம்பிவிடும். ஞாயிறு திரும்பும் டிக்கெட்டையும் அன்றே சேர்த்து எடுத்துவிடுங்கள்.

அம்மா சுற்றுலா விசாவில் இருப்பதால் ஜப்பான் ரயில் பாஸ் வாங்கலாமா என்று யோசிப்பீர்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 50,000 யென் ஆகிவிட்டது. கனசாவா போய்வர மட்டும் என்றால் சாதாரண டிக்கெட்தான் மலிவு.

போகும்போது இடது பக்கம், இரண்டு பேர் உட்காரும் வரிசையில் இடம் கேளுங்கள். வழியில் சுரங்கங்கள் நிறைய. ஆனால் தொயாமாவை நெருங்கும்போது வானம் தெளிந்திருந்தால் ததேயாமா மலைத்தொடர் முழுவதும் ஜன்னலில் வந்து நிற்கும். 3,000 மீட்டர் உயரச் சிகரங்கள். நவம்பர் கடைசியில் உச்சியில் பனி படிந்திருக்கும். அந்த நேரத்தில் அம்மாவைத் தூங்க விடாதீர்கள்.

இன்னொன்று. 2015இல் பாதை திறந்தபோது கனசாவாதான் கடைசி நிலையம். 2024 மார்ச்சில் பாதை த்சுருகா வரை நீண்டுவிட்டது. சில வண்டிகள் கனசாவாவில் நின்று மேலே போய்விடும், அதனால் தொயாமா தாண்டியதும் பைகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.


ஆசானோ கரை:

மீனாள் அவர்களுக்கு வணக்கம். ஆராய்ச்சிப் பணிக்காகக் கனசாவாவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். கென்ரோகுயெனிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. இந்த ஊரைப் பற்றி யாராவது கேட்டால் என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஷிரகவாகோவை எடுத்துவிடுங்கள். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு வழிக்கே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரும்பாலான பஸ்களுக்கு முன்பதிவும் வேண்டும். போய், பார்த்து, திரும்பினால் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. அந்தக் கூரை வீடுகள் அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காகக் கனசாவாவை ஒரே சனிக்கிழமைக்குள் திணித்தால், முழங்கால் வலிக்கிற ஒருவருக்கு இரண்டு ஊரும் மிஞ்சாது. இரண்டு நாளையும் இந்த ஊருக்கே கொடுங்கள். கொடுத்த நேரத்துக்குக் குறை வைக்காத ஊர் இது.

அடுத்தது தோட்டம். சனிக்கிழமை நண்பகலில் கென்ரோகுயெனுக்குப் போகவே போகாதீர்கள். அந்த நேரத்தில் தெரிவது முதுகுகள்தான். ஞாயிறு விடியற்காலையில் போங்கள். நவம்பரில் முறைப்படி திறப்பது 8 மணிக்கு, கட்டணம் 320 யென். ஆனால் அதிகாலையில் இலவசமாக உள்ளே விடுகிறார்கள். நவம்பரில் 6 மணி முதல். முறையான நேரம் தொடங்குவதற்குக் கால் மணி முன்பு, அதாவது 7:45க்குள் வெளியே வந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் எல்லா வாசலும் திறந்திருக்காது, ரென்ச்சிமோன் வாசல் வழியாக நுழையுங்கள். சூரியன் ஆறரை மணிக்கு மேல்தான் எழும். 6:30க்கு உள்ளே நின்றால் போதும்.

உங்கள் அம்மாவுக்குச் செடிகொடி பிடிக்கும் என்கிறீர்களே, கசுமிகாயிகே குளக்கரையில் இருக்கும் கரசாகிப் பைன் மரத்தின் முன் அவரைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். இங்கே விழும் பனி ஈரப்பதம் மிகுந்தது, கனமானது. கிளையில் தங்கினால் முறித்துவிடும். அதற்காக மரத்தை ஒட்டி உயரமான கம்பங்களை நட்டு, உச்சியிலிருந்து வைக்கோல் கயிறுகளை இறக்கி ஒவ்வொரு கிளையையும் தாங்கிக் கட்டுகிறார்கள். யுகித்சுரி என்று பெயர். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1ஆம் தேதி இந்த மரத்தில்தான் தொடங்குவார்கள். இந்த ஒரு மரத்துக்கே ஐந்து கம்பங்கள், சுமார் 800 கயிறுகள். நீங்கள் வரும்போது இது கட்டி முடிந்து, புதுக் கயிறு பொன்னிறமாக இருக்கும். அருகில் போய் ஒரு கயிற்றை மட்டும் மேலிருந்து கீழ்வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். எந்தக் கிளைக்கு எவ்வளவு இழுவை வேண்டுமோ அவ்வளவுதான் கொடுத்திருப்பார்கள். கிளை கயிற்றில் தொங்காது, கயிறும் தொய்ந்து கிடக்காது. தோட்டக்காரர் கை அறிந்த அளவு அது. ஒரு மரத்தின் மேல் இவ்வளவு அக்கறை வைக்கிற ஊரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

குளத்திலும் ஓடையிலும் ஓடும் நீரையும் கவனியுங்கள். 1631இல் பெருந்தீ வந்து நகரம் எரிந்த பிறகு, கோட்டைக்கு நீர் கொண்டுவர 1632இல் தத்சுமி கால்வாயை வெட்டினார்கள். சாய் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து சரிவை மட்டும் நம்பி வரும் தண்ணீர் அது. தோட்டத்துக்கும் அதே நீர்தான். கீழே ஒரு சிறிய நீரூற்று பீறிட்டுக்கொண்டிருக்கும். மேலேயுள்ள குளத்துக்கும் அதற்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அதை எழுப்புகிறது. எந்திரம் ஏதும் இல்லை. மகளிடம் இதைச் சொல்லி எப்படி என்று கேட்டுப் பாருங்கள், கண்டுபிடிக்கிற வயதுதான்.

7:45க்கு வெளியே வந்து காலை உணவை முடித்துவிட்டு, 9 மணிக்கு மேல் மறுபக்கம் கொடாட்சுனோ வாசலுக்குப் போங்கள். அது மேட்டுச் சமவெளிப் பக்கம், ஏற்றம் குறைவு. தோட்டத்துக்குள் மறுபடி போக விரும்பினால் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவின் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். ஆனால் நான் அங்கே அனுப்புவது அதை ஒட்டியிருக்கும் செய்சோன்காகு மாளிகைக்காக. 1863இல் இந்த ஊரை ஆண்ட மயேதா நரியாசு என்ற பிரபு தன் தாயாருக்காகக் கட்டிய வீடு. தோட்டத்தைப் பார்த்த தாழ்வாரம் ஒன்று இருக்கிறது. நீண்ட கூரை இறவாணத்தை ஒரு தூண்கூடத் தாங்கவில்லை. உட்கார்ந்திருப்பவருக்குத் தோட்டம் மறையக் கூடாது என்று தூணே வைக்காமல் விட்டிருக்கிறார்கள். மாடிக்குப் படி உண்டு. அம்மா கீழேயே இருந்தாலும் பார்க்க நிறைய இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் ககா யூசென் மண்டபம். ககா இந்தப் பகுதியின் பழைய பெயர், யூசென் பட்டுத் துணியில் கையால் வண்ணம் தீட்டும் கலை. கியோத்தோ யூசெனில் பொன்வேலையும் தையல் வேலையும் சேரும். ககா யூசெனில் வண்ணம் மட்டும்தான். அதில் பூச்சி அரித்த இலையையும் ஓட்டையோடு அப்படியே வரைவார்கள். புடவையை முழுவதும் விரித்துப் பார்க்கிறவர் என்றீர்கள். இங்கே அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

நிஞ்ஜா கோயில் என்பது மியோர்யூஜி. உண்மையில் நிஞ்ஜாக்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மயேதா பிரபுக்கள் தோக்கியோவிலிருந்த ஷோகுன் என்ற படைத்தலைமை ஆட்சியாளருக்குப் பயந்து, தாக்குதல் வந்தால் தாங்கும்படி கட்டிய நிச்சிரென் பௌத்தப் பிரிவுக் கோயில். வெளியிலிருந்து இரண்டு மாடி, உள்ளே நான்கு. 29 படிக்கட்டுகள், மறைவு அறைகள், பொறிக்குழிகள். பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளை விடுவதில்லை, உங்கள் மகளுக்குத் தடையில்லை. முன்பதிவு கட்டாயம், விளக்கம் ஜப்பானிய மொழியில். ஆனால் அந்தப் படிகள் செங்குத்தானவை, உங்கள் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். நீங்களும் மகளும் போய்வரும் வரை அவரைப் பக்கத்தில் நிஷி சாயா தெருவில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார வையுங்கள். சில நிமிட நடைதான்.

தங்குவதற்கு நிலையத்தருகே எல்லாரும் சொல்வார்கள். நான் கோரின்போ பகுதியைச் சொல்வேன். அங்கிருந்து நகாமாச்சி சாமுராய் குடியிருப்பு, அருங்காட்சியகம், தோட்டம் எல்லாம் பக்கம். விடியற்காலையில் எழுந்து தோட்டத்துக்குப் போவதும் சுலபம். நகரத்துக்குத் தங்கும் வரி உண்டு, சாதாரண அறைக்கு ஆளுக்கு இரவொன்றுக்கு 200 யென். பஸ்ஸில் ஒருநாள் பாஸ் 800 யென். தோக்கியோ ரயில்களில் காட்டும் சூய்கா கட்டண அட்டை எல்லா பஸ்ஸிலும் செல்லும் என்று நம்பிப் போகாதீர்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர், ஒருவருக்கு முழங்கால் வலி. நானாக இருந்தால் பாதி இடங்களுக்கு டாக்சிதான் பிடிப்பேன். ஊர் சிறியது.

23ஆம் தேதி விடுமுறை வாரம் வேண்டாம். அடுத்த வாரம் வாருங்கள். இலைச் சிவப்பு அப்போதும் மிச்சமிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும்.


செந்தாமரை:

எல்லாரும் கனசாவாவையே சொல்கிறீர்கள். நான் மாற்றிச் சொல்கிறேன். மீனாள், அம்மா இன்னொரு முறை இவ்வளவு தூரம் வருவார் என்பது நிச்சயமா? வர மாட்டார் என்றால் கியோத்தோவைக் காட்டாமல் அனுப்பாதீர்கள். என் மாமியாரை இதே நவம்பரில்தான் அழைத்துப் போனேன். கூட்டம் இருந்தது உண்மை. ஆனால் கியோமிசு கோயிலின் மர மேடையில் நின்று பள்ளத்தாக்கு முழுவதும் சிவந்திருப்பதைப் பார்த்தவர், இன்றைக்கும் போனில் அதைப் பற்றித்தான் பேசுகிறார். சைவச் சாப்பாட்டுக்கும் கியோத்தோதான் வசதி. நான்சென்ஜி பக்கம் வெந்நீரில் வேகும் தோஃபு, கோயில்களில் துறவிகள் உணவு என்று வகைவகையாக உண்டு. நொசோமி ரயிலில் இரண்டேகால் மணி நேரப் பயணம்தான்.

வார நாளில் ஒரு விடுப்புப் போட முடிந்தால் கூட்டமும் பாதியாகும். யோசித்துப் பாருங்கள்.


கல்சட்டி:

சாப்பாட்டுக் கேள்விக்கு நான் வருகிறேன். நானும் முட்டை சேர்க்காத சைவம். தொயாமாவில் குடியிருப்பதால் கனசாவாவுக்கு அடிக்கடி போய்வருகிறேன்.

தோக்கியோவில் இருக்கிறீர்கள், கட்சுவோ மீன் சாறு எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கனசாவாவில் அது இன்னும் கூடுதல், கடலோர ஊர் அல்லவா. சோபா ரசம், மிசோ சூப், வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் இருக்கும். இந்த ஊரின் பெயர் சொன்னதும் கொண்டு வைக்கும் ஜிபுனி வாத்துக்கறி. காளான், கீரை என்று பார்த்து ஏமாறாதீர்கள். கனசாவா கறி என்று கடைப்பலகையைப் பார்த்து அம்மா ஆவலாகிவிடலாம். கறுத்துக் கெட்டியான அந்தக் குழம்பிலேயே இறைச்சி சேர்ந்திருக்கும். அதன் மேல் கட்லெட் வேறு.

ஆகவே இரவுச் சாப்பாட்டை நடந்துபோய்த் தேடும் வேலை வேண்டாம். விடுதி பதிவு செய்யும்போதே, குறைந்தது ஒரு வாரம் முன்னதாக, கொம்பு கடற்பாசிச் சாற்றில் மட்டும் சமைத்துத் தர முடியுமா, மீன், இறைச்சி, முட்டை மூன்றும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிக் கேளுங்கள். முடியும் என்பவர் அழகாகச் செய்து தருவார். முடியாது என்பவர் நேராகச் சொல்லிவிடுவார், அதுவும் நல்லதுதான். கோதுமைப் பசையில் செய்யும் ஃபு இந்த ஊரில் பல வகை. கொம்புச் சாற்றில் ஊறிய ஃபுவை அம்மா விரும்புவார் என்றே நினைக்கிறேன், பஞ்சு போல மெத்தென்று இருக்கும். ககா தாமரைத் தண்டு மாவுச்சத்து மிகுந்தது, வறுத்துக் கேளுங்கள். துருவி ஆவியில் வேகவைத்த ஹாசுமுஷி வேண்டாம், உள்ளே இறாலோ விலாங்கோ வைத்திருப்பார்கள். தெம்புரா மாவில் முட்டை உண்டா என்று கேட்காமல் தொடாதீர்கள்.

கோரோஜிமா கின்தோகி என்ற சர்க்கரைவள்ளிக் கிழங்கு கடலோர மணலில் விளைவது. சுட்டு விற்கிறார்கள். பிட்டால் உதிரும், அவ்வளவு மாவு. இரண்டு கிழங்கும் ஒரு பாட்டில் தேநீரும் இருந்தால் மதியம் கடந்துவிடும். ஓமிச்சோ சந்தையில் அதுவும் கிடைக்கும், ஆனால் நவம்பர் 6ஆம் தேதி நண்டுப் பருவம் தொடங்கிவிடும். சந்துக்குச் சந்து நண்டுக் குவியல்தான். மீன்வாடை தாங்காதவர் என்றால் சந்தையைத் தவிர்த்துவிடுங்கள். வெளியே வேறு வழி இருக்கிறது.

இனிப்பில் கவலையே இல்லை. கியோத்தோ, மத்சுஎ, கனசாவா மூன்றுமே ஜப்பானிய இனிப்புக்குப் பெயர் போன ஊர்கள். அரிசி மாவு, பயறு, சர்க்கரை இவைதான் பெரும்பாலும். பருவத்துக்கு ஏற்ற வடிவில் புதிதாகப் பிடிக்கும் மென்மையான இனிப்பை மாச்சா என்ற பச்சைத் தேயிலைத்தூள் பானத்தோடு கொடுப்பார்கள். காஸ்தெல்லா, தொரயாகி இரண்டிலும் முட்டை உண்டு, விலக்குங்கள். 1625இல் தொடங்கிய மொரிஹாச்சியின் சோசெய்தென் என்ற ராகுகானை அம்மாவுக்குக் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். அரிசி மாவையும் வசன்போன் என்ற நுண்சர்க்கரையையும் மர அச்சில் அழுத்தி எடுப்பது. வாயில் வைத்ததும் கரையாது, கொஞ்சம் பொறுத்துத்தான் கரையும். சேர்த்து அருந்த ககா போச்சா, வறுத்த தேயிலைத் தண்டில் போடும் தேநீர். பால் இல்லாத தேநீர் பிடிக்காது என்பவர்களும் அதன் வறுத்த மணத்துக்கு இரண்டாவது கோப்பை கேட்பார்கள்.

ரயிலுக்கு மட்டும் வீட்டிலிருந்து கட்டுச்சாதம் எடுத்துப் போங்கள். ஷின்கான்சென்னில் சாப்பிடத் தடையில்லை.


மீனாள்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. செந்தாமரை அக்கா சொன்னது மனதில் தைத்தது. அம்மாவிடமே கேட்டேன். "கூட்டத்தில் சாமி கும்பிட்டது போதும், தோட்டம் பார்க்கிற ஊருக்கே போகலாம்" என்று சொல்லிவிட்டார். ஆகவே கனசாவா உறுதி. ஷிரகவாகோ வேண்டாம், 23ஆம் தேதி வாரமும் வேண்டாம், அடுத்த வாரம். டிக்கெட் விற்பனைத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஆசானோ கரை ஐயா, ஞாயிறு தெளிவாகிவிட்டது. சனிக்கிழமை நாங்கள் 10 மணி சுமாருக்கு இறங்குவோம். அன்று எப்படிப் போவது? மழை பெய்தால் என்ன செய்வது? அலுவலகத்தில் ஒருவர் அங்கே மழை பெய்யாத நாளே இல்லை என்கிறார்.


ஆசானோ கரை:

அம்மா சரியாகச் சொல்லியிருக்கிறார். செந்தாமரை அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கியோத்தோவை இதனுடன் இணைக்க நினைப்பவர்கள் இப்போது த்சுருகாவில் வண்டி மாற வேண்டும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்யும். சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே என்று இங்கே பழமொழியே இருக்கிறது. நவம்பர் முடிவில் ஒரே நாளில் வெயில், தூறல், ஆலங்கட்டி மூன்றும் வந்து போகும். குளிர்காலத்தில் இடி இடிக்கிற ஊர் இது. ஆனால் நாள் முழுவதும் விடாமல் பெய்வது குறைவு. மடக்குக் குடையைவிட நீளக் குடை நல்லது, காற்று பலமாக இருக்கும். அம்மாவுக்கு வழுக்காத காலணி முக்கியம், ஈர இலை படிந்த கல் ஆபத்து.

சனிக்கிழமை இறங்கியதும் கிழக்கு வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். த்சுசுமி வாயில் அங்கேதான். நோ நாடகத்தில் அடிக்கும் கைம்முரசின் வடிவில் மரத்தூண்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும். உங்கள் அம்மா பார்த்ததும் உடுக்கை என்றுதான் சொல்வார். பெட்டியை விடுதியில் கொடுத்துவிட்டு நேராக நகாமாச்சி. மண்சுவர்கள், அவற்றின் அடியில் ஓடும் கால்வாய். டிசம்பர் தொடக்கத்தில் இந்தச் சுவர்களுக்கு வைக்கோல் பாய் போர்த்துவார்கள், நீங்கள் வரும்போது சுவர் வெறுமையாகவே தெரியும். நொமுரா வீட்டின் உள்தோட்டம் சிறியது. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்திலேயே காலாட்படை வீரர் வீடுகள் இரண்டைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், இலவசம். பெரிய பிரபுக்களின் மாளிகைகளைவிட அந்த இரண்டு சிறு வீடுகள்தான் எனக்குப் பிடித்தவை. ஆண்டுக்குப் பத்து லட்சம் கொகு (பழைய ஜப்பானிய அளவு) அரிசி விளைந்த ஆட்சியில் கடைநிலை வீரன் எப்படி வாழ்ந்தான் என்று அங்கேதான் தெரியும்.

சாப்பிட்டு, ஓய்வெடுத்துவிட்டு இரண்டரை மணிக்கு ஹிகாஷி சாயா. 1820இல் அமைந்த தெரு. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழாத நகரம் என்பதால்தான் இது மிஞ்சியது. ஜப்பானின் தங்கத் தாள் ஏறக்குறைய முழுவதும் இந்த நகரத்தில்தான் தயாராகிறது. ஒரு தாளின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மகளுக்குத் தங்கத் தாள் ஒட்டும் பயிற்சி ஒன்றைப் பதிவு செய்துவிடுங்கள், ஒரு மணி நேரம். மூங்கில் இடுக்கியால் தாளைத் தூக்கும்போது பக்கத்தில் யாரும் மூச்சைக்கூட வேகமாக விடக் கூடாது. சுருங்கிய தாளின் நடுவில் கைவினைஞர் மெல்ல ஊதுவார், அது தானாக விரிந்து படியும். குழந்தைகள் அந்த ஒரு நொடிக்கு வாயடைத்து நிற்பார்கள். கடைகள் 5 மணியை ஒட்டி மூடத் தொடங்கும். சூரியன் அதற்கு முன்பே, 4:40 வாக்கில் மறைந்துவிடும். அப்போது ஆசானோ ஆற்றைக் கடந்து கசுயேமாச்சிக் கரைக்கு வாருங்கள். தெருவின் நீளம் கொஞ்சம்தான், சமதரை. அங்கிருந்து டாக்சியில் விடுதிக்குத் திரும்பிவிடலாம்.

கனத்த மழை என்றால் ஞாயிறு பிற்பகலுக்கு மாற்று வைத்திருங்கள். 21ஆம் நூற்றாண்டு கலை அருங்காட்சியகம் ஒன்று. 2004இல் செஜிமா கசுயோவும் நிஷிசாவா ரியூயேவும் வட்டமாகக் கட்டிய கண்ணாடிக் கட்டடம், உள்ளே சுற்ற ஒரு பகுதி இலவசம். நீச்சல் குளத்தின் அடியில் மனிதர்கள் நடப்பது போல ஒரு படைப்பு இருக்கிறது, மகள் அதைவிட்டுக் கிளம்ப மறுப்பாள். கீழே இறங்க டிக்கெட் வேண்டும், முன்பே பதிவு செய்யுங்கள். மற்றொன்று சுசுகி தைசெட்சு நினைவு அருங்காட்சியகம். இந்த ஊரில் 1870இல் பிறந்த பௌத்த அறிஞருக்காக தனிகுச்சி யோஷியோ வடிவமைத்தது, 2011இல் திறந்தார்கள். நீர்த்தடாகமும் வெள்ளைச் சுவரும் ஒரு பெஞ்சும்தான். மழையில் அந்தத் தடாகம் இன்னும் நன்றாக இருக்கும். இரண்டும் திங்களன்று மூடியிருக்கும். உங்களுக்குப் பிரச்சினை இல்லை, பின்னால் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

மியோர்யூஜியை ஞாயிறு 2 மணிக்கு வைத்துக்கொண்டால் 5 மணிக்கு மேல் ரயிலுக்குச் சரியாக இருக்கும். முன்பதிவை இந்த வாரமே செய்துவிடுங்கள். நேரம் உறுதியானதும் இங்கே எழுதினால், அதற்கேற்ப ஞாயிறு மதியத்தைச் சரிசெய்து சொல்கிறேன்.


மீனாள்:

கோயிலுக்குப் பதிவு கிடைத்துவிட்டது, ஞாயிறு பிற்பகல் 1:30. விடுதிக்கும் கல்சட்டி அவர்கள் சொன்னபடி எழுதிக் கேட்டேன். கொம்புச் சாற்றில் செய்து தருவதாகப் பதில் வந்திருக்கிறது, காலைச் சாப்பாட்டை மட்டும் 8 மணிக்குத் தருவார்களாம். தோட்டத்திலிருந்து 7:45க்கு வெளியே வந்தால் அதற்குச் சரியாக இருக்கும் அல்லவா?


ஆசானோ கரை:

சரியாக இருக்கும், நடந்தே வந்துவிடலாம். 1:30 என்றால் யூசென் மண்டபத்திலிருந்து 12 மணிக்குக் கிளம்புங்கள், கிழங்கு வாங்கிக்கொண்டு டாக்சியில் கோயில் இருக்கும் தெராமாச்சி பக்கம் போகலாம். அம்மாவுக்குத் தேநீர்க் கடையில் இடம் பார்த்து உட்கார வைக்கவும் நேரம் இருக்கும்.